கையால் செய்த மீன்

(மதுரையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடல் இல்லாத ஊரில் கடல்மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். மதுரைக்கு இது அந்நியமான பேச்சு அல்ல. பாண்டியர் கொடியில் மீன் இருந்தது, காசில் மீன் இருந்தது. திருவிளையாடற் புராணத்தில் ‘வலை வீசின படலம்’ என்றே ஒன்று உண்டு. சுறாவாகிக் கடலைக் கலக்கிக்கொண்டிருந்த நந்தியைப் பரதவர் வேடத்தில் வந்த சொக்கநாதர் வலையில் பிடிக்கிறார். பரதவர் வீட்டில் வளர்ந்த உமையை மணக்கிறார். அதே புராணத்தில் ஒரு நாரைக்கு முத்தி கிடைக்கிறது. அது கேட்ட வரத்தால்தான் பொற்றாமரைக் குளத்தில் மீனே இல்லை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

புராணத்தை விட்டு நிர்வாகக் கணக்குக்கு வந்தாலும் கடல் நமக்குத் தூரத்தில் இல்லை. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டத்தை அமைத்தது 1910-இல். அதுவரை மண்டபமும் பாம்பனும் மதுரை மாவட்டத்துக் கடற்கரைதான். இன்றைக்கும் நெல்பேட்டையிலும் கரிமேட்டிலும் ஐஸ் பெட்டியைத் திறந்தால் இராமேசுவரம், தூத்துக்குடி மீன் கண்ணில் படுகிறது. அந்த மீன் எப்படிப் பிடிபட்டது என்று நாம் கேட்பதில்லை. விலையைக் கேட்கிறோம், செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், வாங்கிக்கொண்டு வருகிறோம். எப்படிப் பிடிபட்டது என்ற கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். அதிலும் ஒரே ஒரு வழியை மட்டும் விரிவாகப் பேசப்போகிறேன்: இரையே இல்லாத தூண்டில். மரத்திலோ ஈயத்திலோ இறகிலோ நூலிலோ கையால் செய்த ஒரு போலி மீனை ஓடுகிற படகின் பின்னால் இழுத்து, பெரிய மீனை ஏமாற்றிப் பிடிக்கிற வழி.

தூண்டிலைப் பற்றி நம் மொழியில் உள்ள மிக நுட்பமான காட்சிகளில் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். மீன் பிடிப்பதில் கைதேர்ந்த பாணன் ஒருவன், தோளில் தோல்பையில் இறைச்சி, கையில் நெடிய மூங்கில் கழி, கழியின் நுனியில் நாண், நாணில் வளைந்த இரும்பு முள். இரையை வாளை மீன் கவ்வுகிறது, ஆனால் முள்ளில் மாட்டாமல் தப்பிவிடுகிறது. தப்பிய பிறகு, நீரோரத்துப் பிரம்பின் நிழல் நீரில் ஆடுவதைப் பார்த்து அதுவும் தூண்டில்தானோ என்று மிரள்கிறது. கழி, நாண், முள், இரை என்று கருவி முழுவதையும் சொன்னவர் அதோடு நிறுத்தாமல் மீனின் மனத்துக்குள்ளும் போயிருக்கிறார். மீன் பார்க்கும், அஞ்சும், ஒருமுறை பட்டதை நினைவில் வைத்திருக்கும். போலி இரை செய்யக் கற்றுக்கொள்கிற எவருக்கும் இதுவே முதல் பாடம்.

இனி ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போனோம். சனிக்கிழமை கடலுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொழில் கிடையாது, அன்று அந்த ஊர் கோயிலுக்குப் போகும். மாசி, பங்குனியில் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் மன்னார் வளைகுடாவில் வீசுகிற கச்சான் காற்றில், விளையாட்டுக்கு மீன் பிடிக்கப் போகிறேன் என்று எவரும் படகேறக் கூடாது.

தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து இருட்டிலேயே புறப்பட்டோம். படகுக்கு உரியவரை நான் அண்ணன் என்றுதான் அழைப்பேன். அவருடைய அக்காள் மகன் பின்பக்கம், அமரத்தில், இயந்திரத்தைப் பிடித்திருந்தான். முன்பக்கம், அணியத்தில் நாங்கள். வான்தீவு, காசுவார், காரைச்சல்லி ஆகிய தீவுகளை விட்டு நன்றாக விலகி வெளியே போகவேண்டும். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை வரிசையாகக் கிடக்கிற 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அந்த எல்லைக்குள் தூண்டிலைத் தொடவே கூடாது. அங்கே விலாங்குசல்லி என்று ஒரு தீவு இருந்தது, இப்போது நீருக்கடியில் கிடக்கிறது. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அதன் கணக்கைக் கடல் இப்படித் தீர்த்துக்கொண்டிருக்கிறது. வான்தீவும் கரைந்து சுருங்கியதால், அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

கிழக்கு வெளுக்கும்போது பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. இன்று எல்லாப் படகிலும் ஜிபிஎஸ் உண்டு. இருந்தும் அண்ணன் புகைபோக்கியையும் கோயில் கோபுரத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்கோட்டில் வைத்து, வேறு பக்கத்தில் இன்னும் இரண்டை வைத்து, கோடுகள் வெட்டும் இடத்தில் கடலடிப் பாறையான ‘பார்’ இருக்கிறது என்று குறிக்கிற கணக்கு அது. குமரிக் கரையில் இதைக் கணியம் என்பார்கள். எழுதப்படாத வரைபடம். தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது.

நான் பெட்டியைத் திறந்து, மாதக்கணக்கில் இழைத்து வைத்திருந்த மரமீன்களைக் காட்டினேன். அண்ணன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். வண்ணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்டது ஒரே கேள்விதான்:

“இது என்ன மீனு, தம்பி?”

“முரல், அண்ணே.”

“முரலுதான். இந்த மாசத்து முரலு இம்புட்டு நீளம் இருக்காதே. சின்னது எதும் வச்சிருக்கியா?”

சின்னது இருந்தது. அதைப் படகோரத்தில் நீரில் விட்டு, இழுபடும்போது எப்படி நெளிகிறது என்று குனிந்து பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, மூக்குக் கம்பியைக் குறடால் மயிரிழை அளவு இடப்பக்கம் வளைத்தார். வலப்பக்கமாகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்த மரமீன் நேரானது. இந்தத் திருத்தத்தை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. உயிருள்ள முரல் எப்படி ஓடும் என்பது அவர் கண்ணில் இருந்தது, மரமீன் அதற்கு ஒத்துவரும் வரை கம்பியை வளைத்தார். அவ்வளவுதான்.

அவர்கள் கட்டியிருந்த போலி இரை வேறு வகை. வெள்ளை உரச்சாக்கைப் பிரித்தெடுத்த இழை, நைலான் கயிற்றின் பிரி, மேலே ஈயத்தலை, உள்ளே ஒற்றை முள், முள்ளுக்கு முன்னால் எஃகுக் கம்பி. நீரில் போட்டால் இழைகள் ஒடுங்கி விரிந்து, ஒரு சாளை மீன் உடம்பை இறுக்கி இறுக்கி நீந்துவதுபோலவே இருக்கும். செலவு பத்து ரூபாய் ஆகாது. அன்று முதல் மீனும் அந்தச் சாக்கு இழையில்தான் வந்தது. ஒரு பாரை. அமரத்தில் இருந்த தம்பி, விரலில் சைக்கிள் டியூப் சுற்றிக்கொண்டு வெறுங்கையால் இழுத்துப் போட்டான்.

வெயில் ஏறிய பிறகு ஆலாக்கள் ஓரிடத்தில் வட்டமிட்டு விழ ஆரம்பித்தன. அங்கே நீர் கொதித்தது. கீழேயிருந்து பெரிய மீன் துரத்த, சாளைக் கூட்டம் மேலே வந்து திணறுகிறது என்று பொருள். கூட்டத்தின் நடுவே படகை விட்டால் எல்லாம் கலைந்துவிடும். ஆகவே ஓரமாக வளைத்து, மரமீன் மட்டும் அந்தக் கூட்டத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போகும்படி ஓட்டினார்கள். தூண்டில் நரம்பு சுற்றிய சுருள்வட்டு அலறியது. நீங்கள் வஞ்சிரம் என்கிறீர்களே, தூத்துக்குடியில் சீலா, நாகர்கோவிலில் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறுக்குளா, அந்த மீன்தான். முதல் ஓட்டத்தில் அது எடுத்துக்கொண்டு போகிற நரம்பை எவராலும் தடுக்க முடியாது, தடுத்தால் அறுந்துவிடும். விட்டுக்கொடுத்து, அது திரும்பும்போது சுற்றி, மறுபடி விட்டுக்கொடுத்துத்தான் படகோரம் கொண்டுவர வேண்டும். அண்ணன் கொக்கியால் தூக்கினார். உடனே குருதி வடித்து ஐஸில் வைத்தார்.

அந்தச் சீலாவின் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் பலவற்றுக்கு விடை கிடைத்தது. கத்தரிபோல ஒன்றோடொன்று பொருந்தும் கூரிய பற்கள். இந்த மீன் இரையை முழுதாக விழுங்குவதைவிட, பின்னாலிருந்து பாய்ந்து வாலை வெட்டி நிறுத்தவே பெரிதும் பார்க்கிறது. ஓட முடியாமல் தவிக்கிற மீதியைத் திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே சீலாவுக்குச் செய்கிற மரமீனில் முள் வால்பக்கம் இருக்க வேண்டும். முன்னால் எஃகுக் கம்பி இல்லையென்றால் நரம்பு ஒரே கடியில் போய்விடும். போலி மீன் செய்பவர் இரண்டு மீன்களைப் படித்திருக்க வேண்டும்: தான் செய்கிற சின்ன மீனையும், அதைத் தேடி வரப்போகிற பெரிய மீனையும்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த அவையில் கைவேலைக்காரர்கள் பலர் இருக்கிறீர்கள். மரம் இலேசாக இருக்க வேண்டும். கல்யாண முருங்கை நல்லது. பொம்மைக்கும் மிதவைக்கும் காலங்காலமாக உதவிய மரம். ஏழிலைப்பாலையும் ஆகும். பக்கவாட்டு உருவத்தை முதலில் வரைந்து வெட்டி, பிறகு மேலிருந்து பார்க்கும் உருவத்துக்கு இழைக்க வேண்டும். வயிற்றில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்றை மூக்கிலிருந்து வால் வரை ஒரே துண்டாக ஓடவிட வேண்டும். பெரிய மீன் கடித்து மரமே நொறுங்கினாலும் கம்பி நிற்கும், மீன் நிற்கும். அந்தப் பள்ளத்திலேயே ஈயக்குண்டு. குண்டு முன்னால் போனால் மரமீன் தலைகுப்புற ஓடும், பின்னால் போனால் வாலைத் தொங்கவிடும். சரியான இடத்தைத் தொட்டித் தண்ணீரில் போட்டுப் போட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். தாடையின் கீழ் அலுமினியத் தகட்டிலோ கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ ஒரு நாக்கு. நாக்கின் சரிவுதான் மரமீன் எவ்வளவு ஆழம் போகும், எவ்வளவு நெளியும் என்பதை முடிவு செய்கிறது. செதில் வேண்டுமா? கொசுவலையை உடம்போடு இறுக்கிப் பிடித்து அதன் மேல் வண்ணம் தெளித்தால், வலையை எடுக்கும்போது செதில் வரிசையாக நிற்கும். பளபளப்புக்கு மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் போதும்.

வண்ணத்தில் பலர் மயங்குகிறார்கள். நீர் முதலில் விழுங்குகிற நிறம் சிவப்பு. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிக் கறுத்துவிடும். தெளிந்த கடலில் ஆழத்துக்குப் போவது நீலம்தான். நம் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்காகச் சிவப்பைப் பூசிவிட்டு, ஆழத்தில் மீன் அதை அப்படியே பார்க்கும் என்று நினைப்பதில் பயனில்லை. நிறத்தைவிட அசைவு முக்கியம். மீனின் உடம்பின் இரு பக்கமும் தலையிலிருந்து வால் வரை ஓடுகிற பக்கக்கோடு நீரின் சின்ன அதிர்வையும் உணர்கிறது. கலங்கிய நீரிலும், பார்வைக்கு எட்டாத போதும், அடிபட்ட சின்ன மீன் ஒன்று தடுமாறுவது அந்தக் கோட்டில் தெரிகிறது. நல்ல மரமீன் அந்தத் தடுமாற்றத்தைச் செய்து காட்டுகிறது.

பின்லாந்தில் லவுரி ராப்பலா என்ற ஏழை மீனவர் 1936-இல் செய்தது இதைத்தான். ஏரியில் பெரிய மீன்கள் கூட்டத்தில் எந்தச் சின்ன மீனைத் தேர்ந்தெடுத்துப் பாய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவர், சற்றே கோணலாக நீந்துகிற மீனையே அவை எடுப்பதைக் கண்டார். தக்கையில் ஒரு மீனைச் செதுக்கி, சாக்லெட் சுற்றிவந்த வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கி மேலே பூசினார். அவர் பெயரிலேயே இன்று உலகமெங்கும் விற்கிற தொழில் அந்தத் தக்கைத் துண்டிலிருந்து தொடங்கியது. அவருடைய கையிலும் உரச்சாக்கைப் பிரித்த கையிலும் இருப்பது ஒரே கூர்மை. ஒன்றுக்கு நிறுவனம் அமைந்தது. மற்றொன்றுக்கு இன்னும் பெயர்கூட எழுதப்படவில்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது.

நமக்கு மிக அருகில், இலட்சத்தீவுகளின் தென்கோடியான மினிக்காயில் இந்தக் கலை முழுத் தொழிலாகவே வாழ்கிறது. சூரை மீனை அவர்கள் வலையால் பிடிப்பதில்லை. படகின் நடுவே கடல்நீர் நிரப்பிய தொட்டியில் உயிருள்ள சின்ன மீன்களை வைத்துக்கொண்டு போகிறார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை அள்ளி வீசுகிறார்கள், படகிலிருந்து நீரையும் தெளிக்கிறார்கள். தெளிக்கிற நீர் கடலின் மேற்பரப்பைக் கலைத்து, படகையும் ஆளையும் மீனின் கண்ணிலிருந்து மறைக்கிறது. வெறிகொண்ட சூரைக்கு முன்னால் பளபளக்கும் வெறும் முள் விழுகிறது. அதில் இரை இல்லை, முள்ளின் தண்டே ஒரு சின்ன மீனாக மின்னுகிறது. மீனை நழுவாமல் பிடிக்கும் எதிர்முள்ளும் அதில் கிடையாது. ஆகவே கழியைத் தூக்கியதும் மீன் தலைக்கு மேலே பறந்து வந்து, நாண் தளர்ந்த கணத்தில் தானே கழன்று படகில் விழுகிறது. கையால் கழற்ற நேரமில்லாத வேகம் அது. ஒரு மீன், ஒரு முள், ஒரு ஆள். ஆமை மாட்டாது, குஞ்சு மாட்டாது. வேகவைத்து, புகையூட்டி, காயவைத்து மரக்கட்டை போல ஆக்கிய அந்தச் சூரைதான் தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் சம்பலுக்கு இடிக்கிற மாசி.

இந்த இடத்தில் நான் நம் கரைக்குத் திரும்ப வேண்டும். 1952-இல் கொல்லம் பக்கத்து நீண்டகரையை மையமாக வைத்து இந்தோ–நார்வே திட்டம் தொடங்கியது. அதன் பிறகு இழுவலை தென்னிந்தியக் கரைகளில் பரவியது. பாக் நீரிணை போன்ற ஆழம் குறைந்த கடலில் இழுவலை அடித்தரையையே வழித்துக்கொண்டு போகிறது. இறாலோடு குஞ்சும் பாசியும் சங்கும் சேர்ந்து ஏறும். கடல் எல்லைப் பூசல், சிறைபிடிப்பு, படகு பறிமுதல் என்று செய்தித்தாளில் நாம் படிக்கிற துயரங்களுக்குப் பின்னாலும் இந்த வழித்தெடுப்பு இருக்கிறது. இதை அரசே உணர்ந்துதான் 2017-இல் பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இலக்கு 2,000 படகுகள். ஒரு படகின் செலவு 80 லட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டு, அதில் 70 விழுக்காட்டை மத்திய, மாநில அரசுகள் மானியமாகத் தருவதாகச் சொன்னார்கள். மாறிய படகுகள் இலக்குக்கு எட்டாத தூரத்தில் நின்றுவிட்டன. ஒரு நாள் இரண்டு நாளில் கரை திரும்பிப் பழகியவரைப் பல நாள் ஆழ்கடலில் தங்கச் சொன்னோம். தூண்டில் என்பது கருவி மட்டுமே என்று நினைத்து, அதைக் கையாளும் அறிவை எவரிடமிருந்து கற்பது என்பதைப் பின்னுக்குத் தள்ளினோம். அந்த அறிவு வெளிநாட்டில் இல்லை. திரேஸ்புரத்தில் இருக்கிறது, குமரி மாவட்டத்துத் தூத்தூரில் இருக்கிறது, மினிக்காயில் இருக்கிறது. அவர்களை ஆசிரியர்களாக்கிச் சம்பளம் கொடுத்து இராமேசுவரத்துக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். இப்போதும் செய்யலாம்.

மதுரையிலிருந்து இந்த விளையாட்டுக்குப் போக விரும்புகிற இளைஞர்களுக்குச் சில சொற்கள். நம் சுற்றுவட்டாரக் கண்மாய்களில் விரால் பிடிக்க ரப்பர் தவளையும் மரத்தவளையும் செய்கிற தம்பிகள் இருக்கிறார்கள். அவர்கள் கை கடலுக்கும் பழகும். கடலுக்குப் போனால் பதிவுள்ள படகில், மிதவைச் சட்டையோடு, கரையில் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். பிடித்த மீன் படகுக்கே உரியது என்பதை ஏறுமுன்னே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் வாடகையும் டீசலும் கொடுத்தோம், சீலா ஏலத்துக்குப் போனது. கடல் அவர்களுடைய உழவு நிலம். அங்கே நாம் பொழுதுபோக்கிவிட்டு விளைச்சலையும் எடுத்துக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிடித்து விடுவது பற்றிக் கேட்பீர்கள். உண்ணாத மீனை, குறிப்பாக மயில்மீன் போன்றதை, விடத்தான் வேண்டும். ஆனால் நெடுநேரம் போராடிக் களைத்த மீனை வெளியே தூக்கிப் படமெடுத்துவிட்டு எறிந்தால் அது பிழைப்பது அரிது. ஒற்றை முள் போடுங்கள், எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், நீரிலேயே வைத்துக் கழற்றுங்கள். போதிய மீன் கிடைத்ததும் நரம்பைச் சுற்றிவிடுங்கள். அறுந்த நரம்பைக் கடலில் விடாதீர்கள், அது உங்கள் பேரன் காலத்திலும் அங்கேயே கிடந்து ஆமையின் துடுப்பைச் சுற்றும். ஈயமும் நச்சு. அதற்கு மாற்றாக எஃகுக் குண்டு வைத்துச் செய்து பார்க்கிறேன். கொஞ்சம் பெரிதாக வெட்ட வேண்டியிருக்கிறது, மற்றபடி ஓட்டத்தில் குறையில்லை.

மீன் பிடிக்கப் போகாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையில் ‘தூண்டில் மீனா?’ என்று கேளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நிற்கும்போது நாட்டுப்படகுத் தூண்டில்காரர்கள் மீன் கொண்டுவருகிறார்கள். வலையில் நசுங்காத, உயிரோடு ஏறி உடனே ஐஸுக்குப் போன மீன் அது. சுவை தெரியும். அதற்குக் கூடுதல் விலை கொடுக்க மதுரை தயாராக இருக்கிறது என்று வியாபாரிக்குத் தெரிந்தால், திரேஸ்புரத்து ஏலத்தில் அது எதிரொலிக்கும். நம் ஊரின் பசி சிறியதல்ல.

கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறைக்கு வாருங்கள். கல்யாண முருங்கைத் துண்டுகளும் கத்தியும் உப்புத்தாளும் வைத்திருக்கிறோம். காலையில் நெல்பேட்டையில் வாங்கிய முரலும் சாளையும் நெத்திலியும் ஐஸில் இருக்கின்றன. முதல் அரை மணி நேரம் கத்தியைத் தொட வேண்டாம். மீனைக் கையில் எடுத்து, முதுகு எங்கே உயர்கிறது, வயிறு எங்கே வெளுக்கிறது, கண் எவ்வளவு பெரிது என்று பார்த்து வரைந்துகொள்ளுங்கள். பிறகு செதுக்கத் தொடங்கலாம்.